விழுந்தவனைத் தூக்குற படிப்பு

ஆகஸ்ட் 21, வியாழன்

வாளை,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை மாசம் ஆச்சு. ஊர் முன்னால 'நீங்க', 'ஆன்லின் அப்பா'. கதவைச் சாத்தினா வாளை. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு வாளை மீன் மாதிரி நீளமா, சதையே இல்லாம, பளபளன்னு வந்து நின்னியே, அப்பவே மனசுக்குள்ள வச்ச பேரு. உன் அப்பன் வச்ச வளன்ங்கிற பேரை நான் கல்லறைக் கல்லுல எழுதத்தான் குடுத்தேன்.

இந்த டைரி ஆன்லின் குடுத்தது. மருந்து கம்பெனிக்காரன் டாக்டர்மாருக்கு சும்மா கொடுப்பானாம். ஒவ்வொரு பக்கத்து அடியிலயும் வாயுத் தொல்லை மாத்திரை படம் போட்டிருக்கு. "மனசுல கிடக்கிறதை எழுதும்மா, லேசாகும்"னு சொன்னா. அஞ்சாங்கிளாஸ் படிச்சவ என்னத்தை எழுத? அந்த மாத்திரைப் படத்தைப் பார்த்தாலே பாதி லேசாகுது.

சேதி என்னன்னா, உன் மகளுக்கு மேல்படிப்புப் பரீட்சை ரிசல்ட் வந்துட்டு. நல்ல இடம். பிள்ளைப்பேறு டாக்டருக்கே எடுக்கலாமாம், அதுவும் பக்கத்துலயே. நான் மாதா படத்துக்கு முன்னால மெழுகுதிரி ஏத்திட்டு வந்து, "எதைப் படிக்கப் போறே"ன்னேன்.

"ஸ்போர்ட்ஸ் மெடிசின்."

"அப்படின்னா?"

"விளையாட்டு மருத்துவம்மா."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிஞ்சு வந்தா வாசல்ல என் தம்பி கிளமென்ட். மீன் வண்டியை ஓரமா நிப்பாட்டிட்டு, ஒரு கையில சாளை, ஒரு கையில சம்பந்தம்.

"எக்கா, தூத்துக்குடியில ஆஸ்பத்திரி வச்சிருக்கிற குடும்பம். மாப்பிள்ளை குழந்தை டாக்டரு. பிள்ளைப்பேறு படிச்ச பொண்ணா தேடுதாங்க. இவ பெத்தெடுக்க வைப்பா, அவன் பிள்ளையை வாங்கி வைத்தியம் பாப்பான். ஒரே வீட்டுக்குள்ள சோலி முடிஞ்சிரும்."

"அதுக்குப் பேரு கல்யாணம் இல்ல மாமா, கம்பெனி"ன்னா ஆன்லின்.

"விளையாட்டுக்கு எதுக்குளா டாக்டரு? தோத்தவனுக்கு ஊசி போடுவியோ?"

"ஜெயிச்சவனுக்கும் போடுவேன்."

சத்தம் மாடிக்குப் போயிட்டு. வீட்டுக்காரம்மா ஞானம்பாள் டீச்சர் படியில நின்னு எட்டிப் பார்த்தாங்க. பாளையங்கோட்டையில பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவங்க. சுத்த சைவம். நீ போன பெறவு ஊரை விட்டு மகளோட இங்க வந்த மீன்காரிக்கு வீடு விட்டதுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாங்க: "சாளை பொரிக்கிறதுக்கு முன்னால ஒரு குரல் குடு இஞ்ஞாசி, நான் கோவிலுக்குப் போயிருதேன்." அதனாலயே அவங்களுக்குப் பக்தி கூடிப்போச்சு.

"பி.டி. வாத்தியார் வேலையா இஞ்ஞாசி? அதுக்கா எம்.பி.பி.எஸ். படிச்சா?"ன்னு கேட்டாங்க.

ஆன்லின் பொறுமையா விளக்கினா. முட்டி, கணுக்கால், வெயில்ல மயக்கம், ஆடுறப்போ நெஞ்சடைப்பு — இதெல்லாம் பார்க்கிற படிப்பாம். நெஞ்சடைப்புன்னதும் கிளமென்ட் எழுந்திரிச்சு மீனுக்குத் தண்ணி தெளிக்கப் போயிட்டான்.

ஆகஸ்ட் 25

"நீ யாரு பக்கம்மா?"ன்னு கேட்டா. சோறு வடிக்கப் போயிட்டேன்.

செப்டம்பர் 1

அந்தப் படிப்பு வடக்க இருக்காம். ரெண்டு ராத்திரி ரயில்ல போகணும். மூணு வருசம். அங்கன சோறு கேட்டா சப்பாத்தி வைப்பாங்களாம். நான் சப்பாத்திக்காக அழல. அவகிட்ட அதுக்குத்தான்னு சொன்னேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

டீச்சர்கிட்ட ரேசன் கடைக்குன்னு சொல்லிட்டு உவரிக்கு பஸ் ஏறினேன். செவ்வாய்க்கிழமை, அந்தோணியாருக்கு உகந்த நாள். கூட்டம். மண்டி போட்டு நேரா விசயத்துக்கு வந்தேன்.

"கோடி அற்புதரே, அந்த ஒரு படிப்பு மட்டும் என் மகளுக்குக் கிடைக்கக் கூடாது. வேற எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கிடுதோம். கிடைக்காமப் பண்ணினா அவ உயரத்துக்கு மெழுகுதிரி."

சொல்லி முடிச்ச பெறவுதான் புத்தி வந்துது. அவ உன்னை மாதிரி வளந்து தொலைச்சிருக்கா. என் உயரம்னு சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது ரேசன் கடை பூட்டியிருந்துது. டீச்சர் என் சேலையில ஒட்டியிருந்த உவரி மணலைப் பார்த்தாங்க, அவ்வளவுதான்.

செப்டம்பர் 14

இன்னைக்கு என் முட்டியைப் போட்டு மடக்கி நீட்டி படிச்சா உன் மகள். "வலிக்கா? இப்போ? இங்கன?" புளியைக் கரைச்ச கையோட கட்டில்ல மல்லாந்து கிடக்கேன். சின்ன வயசுல உன் முட்டிக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பாளே, அதே கை. அந்தக் கால்ல கல்யாணத்துக்கு முன்னாலேயே பந்தாட்டத்துல அடிபட்டு, கட்டு போட்ட இடத்துல கோணிப்போய், பெறவு படகுல ஏறும்போதெல்லாம் ஒரு பக்கம் சாஞ்சுதான் ஏறுவ. ஆனா பந்தைப் பார்த்தா மட்டும் கால் நேராகிரும்.

எழுதிருதேன். எழுதாம வச்சிருக்கதுதான் நெஞ்சுல வாயு மாதிரி உருளுது.

நீ கள்ளன். ஊருக்கே தெரியும். கோலுக்குப் பக்கத்துல போனா உன்னை யாரும் தொட வேண்டாம், கடல் காத்து பட்டாப் போதும், விழுந்திருவ. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மாதாவே, மரியேன்னு உருளுவ. ரெப்ரீ விசில் ஊதிட்டானான்னு ஒத்தைக் கண்ணைத் திறந்து பார்ப்ப. ஊரு முழுக்கச் சிரிக்கும். எதிர் செட்டுக்காரனும் சிரிச்சிட்டேதான் பெனால்டி குடுப்பான்.

போன கிறிஸ்மசுக்கு மறுநாள் கல்யாணமான ஆம்பளைங்க ஆட்டம். நான் வீட்டுல வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன். கடற்கரையில இருந்து சிரிப்புச் சத்தம் வந்துது. சரி, நீ விழுந்துட்டேன்னு நினைச்சேன். அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

சிரிப்பு நிக்கவே இல்ல. பெறவு சட்டுனு நின்னுட்டு.

கிளமென்ட் எதிர் செட்டு. கடைசியா உன் குறுக்க வந்தவன் அவன்தான். பெட்டிக்குள்ள உன்னைக் கிடத்தி வச்சிருக்கும்போதுகூட வாரவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொன்னான்: "நான் தொடவே இல்ல. அது பவுல் இல்ல, நான் தப்பா ஆடல." சாமியார் வந்து ஆறுதல் சொல்ல கையைப் பிடிச்சா, அவருகிட்டயும், "பவுல் இல்ல பாதர்." இன்னைக்கும் ஊர்ல பாதிப்பேர் தட்டினான்ங்காங்க, பாதிப்பேர் இல்லைங்காங்க. டாக்டர்மார் நெஞ்சடைப்புன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதை யாரு படிக்கா?

செப்டம்பர் 15

நேத்து எழுதினதுக்கு அப்பறம் நல்லாத் தூங்கினேன். மாத்திரை போடல.

செப்டம்பர் 30

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ஆஸ்பத்திரியில இருந்து மருத்துவ முகாம் போடுதாங்களாம். ஆன்லின் பேரு கொடுத்திருக்கா. நம்ம ஊருக்குப் பக்கம்தானேன்னு நானும் கிளம்புதேன். கிளமென்ட் மீன் வண்டியில கூட்டிட்டுப் போறான். மகளைத் தனியா விடக்கூடாதுன்னு சொன்னேன். வேசம் பார்த்து எத்தனை வருசமாச்சுங்கிறதைச் சொல்லல.

அக்டோபர் 3

கை இன்னும் ஐஸ் நாத்தம். மெதுவா எழுதுதேன்.

நேத்து குலசை. மனுசத் தலை. காளி, குறவன், குறத்தி, கரடி, ராசா, பிச்சைக்காரன். போலீஸ் ஒருத்தரைப் பார்த்து முகாமுக்கு வழி கேட்டேன். "நானே சீவலப்பேரிம்மா, நேர்ச்சைக்கு வேசம் போட்டிருக்கேன்"னான். சுதாரிச்சுக்கிட்டு அடுத்த போலீஸ்கிட்ட, "நீங்க எந்த ஊரு செட்டு?"ன்னு கேட்டேன். அவரு நெச போலீஸ்.

முகாம்ல ஆன்லின் ஒரு குரங்குக்குக் கணுக்கால்ல கட்டு போட்டுக்கிட்டு இருந்தா. குரங்கு வால் தரையில படாம இருக்க நான் தூக்கிப் பிடிச்சிருந்தேன். நல்ல மத்தியான வெயில். ரோட்டுல மேளத்துக்கு ஒரு காளி ஆடிட்டு வந்துது. நீல உடம்பு, பெரிய கிரீடம், முதுகுல கட்டின மரக்கை, தொங்கின நாக்கு. பார்க்கவே கும்பிடத் தோணும். ஆடிட்டே வந்து விழுந்துட்டு.

பொம்பளைங்க குலவை போட்டாங்க. ஒருத்தர் சூடம் ஏத்தினார். "அம்மா இறங்கிட்டா, யாரும் தொடாதீங்க"ன்னு வட்டம் கட்டி நின்னாங்க.

வாளை, நீ எத்தனை தடவை விழுந்து நான் பார்த்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் தரையைத் தொடுறதுக்கு முன்னால கையை ஊனிருவ, கள்ளன். இவன் ஊனல. கோணியில கட்டின நெல்லு மாதிரி விழுந்தான்.

குரங்கு வாலை விட்டுட்டுக் கத்தினேன். "ஏட்டி ஆன்லின், ஒருத்தன் நெசமா விழுந்துட்டான்."

எப்படி வந்தாளோ தெரியல, கூட்டத்தை விலக்கிட்டுப் போய் நெத்தியில கை வச்சா. "கொதிக்குது. உடனே குளிர வைக்கணும், பெறவுதான் ஆம்புலன்ஸ். ஐஸ் எங்க? மாமா, உங்க வண்டியில ஐஸ் இருக்கா?"

கிளமென்ட் முழிச்சான். "இது மீன் ஐஸ்ளா."

"கொட்டுங்க."

அதுக்குள்ள காளியோட செட்டுக்காரங்க வந்துட்டாங்க. "டாக்டரம்மா, சாமி மாலை போட்டு விரதம் இருக்காரு. கவுச்சி வாடைகூட ஆகாது. விரதம் முறிஞ்சு போயிரும்." ஒருத்தன் கிரீடத்தைக் கழத்தவிடாம பிடிச்சுக்கிட்டு நிக்கான். கிளமென்ட் மீன் தொட்டியைத் தூக்கிட்டு நடு ரோட்டுல நிக்கான். ஐஸ் ஒழுகுது. எல்லாரும் நிக்காங்க, கீழ கிடக்கிறவனைத் தவிர.

அப்போ தீச்சட்டி தூக்கிட்டு வந்த ஒரு அம்மா சட்டியை இறக்காமலே அதட்டினாங்க. "முத்தாரம்மன் கடக்கரையில குடியிருக்கா. மீன் வாடை தெரியாதவளா அவ? கொட்டுங்க தாயி."

கொட்டினோம். கிரீடம், மரக்கை, சலங்கை எல்லாம் கழத்தி, வண்டித் தார்ப்பாய்ல கிடத்தி, கழுத்து, கக்கம், தொடைன்னு ஐஸை அள்ளி வச்சோம். நான் என் சேலைத் தலைப்பால வீசினேன். நீலச்சாயம் கரைஞ்சு கிளமென்ட் வேட்டி நீலமாப் போச்சு. தோள்ல ஒரு சாளை ஒட்டியிருந்துது. யாரும் பாக்கிறதுக்கு முன்னால எடுத்து மடியில வச்சிக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல கண்ணைத் திறந்தான். முதல்ல கேட்டது: "என் கிரீடம் எங்க?" ரெண்டாவது, மூக்கை உறிஞ்சி: "யாரு மீன் பொரிக்கா?"

ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோன பெறவு ஆன்லின் ஐஸ்கட்டி மேலேயே உக்கார்ந்துட்டா. "இதுதான்மா அந்தப் படிப்பு"ன்னா.

கிளமென்ட் வண்டிக்குப் பின்னால போய் காலித் தொட்டியைக் கழுவினான். கழுவின தொட்டியையே திரும்பக் கழுவினான்.

எனக்கு அப்பதான் உவரி ஞாபகம் வந்துது.

அக்டோபர் 12

காலையில கதவைத் தட்டி ஒரு ஆள். நெடுநெடுன்னு, மீசை, வெள்ளைச் சட்டை. கூட அவன் பெஞ்சாதி.

"யாருப்பா?"

"நான்தாம்மா காளி."

மாடிப்படியில நின்ன டீச்சர் பதறிக் கையெடுத்துக் கும்பிட்டாங்க.

பேரு குமரவேல். பேட்டையில லேத்துப் பட்டறை வச்சிருக்கான். நல்லா இருக்கான். கோவில்ல கேட்டானாம், உயிருக்கு ஆபத்துல பட்டது விரதத்துல சேராதுன்னு சொல்லிட்டாங்களாம். "ஆனா டாக்டரம்மா, அந்த வாடை மட்டும் போகல. இவ கறிக்குழம்பு வச்சாலும் சாளை வாசம் வருது"ன்னான். "எனக்கு நல்லதாப் போச்சு, சாளை வாங்குத துட்டு மிச்சம்"னு பெஞ்சாதி சொன்னா. அல்வா கொண்டு வந்திருந்தாங்க. டீச்சரும் ரெண்டு கை வாங்கினாங்க.

போகும்போது, "நம்மால ஆனது எதுவும் செய்யணும் டாக்டரம்மா, இரும்புல என்ன வேணும்னாலும் சொல்லுங்க"ன்னான். ஆன்லின் யோசிச்சிட்டு ஏதோ காகிதத்துல படம் வரைஞ்சு குடுத்தா.

அக்டோபர் 20

கம்ப்யூட்டர்ல வேணுங்கிற படிப்பை வரிசையாப் போடணுமாம். முதல்ல அது. ரெண்டாவது பிள்ளைப்பேறு, இங்கேயே. போட்டுட்டு என் முகத்தைப் பார்த்தா. "நல்லது"ன்னேன். என் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரும்போதே கோணிக்கிட்டு வந்துது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

உன்கிட்ட வந்தேன், தெரிஞ்சிருக்கும். பூ போட்டேன், திரி ஏத்தினேன், காத்து அணைச்சுது, ஏத்தினேன், அணைச்சுது. உயிரோட இருக்கும்போதும் நான் முக்கியமான விசயம் பேச வந்தா நீ விளக்கை அணைச்சிட்டுப் படுத்திருவ.

உவரிக்குப் போய் நேர்ச்சையை மாத்தணும்னு குலசையில நினைச்சது. இன்னும் போகல. ஏன் போகலன்னு உன்கிட்டயாவது சொல்லணும்ல? வீட்டுக்குள்ள நான் ஒருத்தியே இருந்தா வெங்காயம் யாருக்கு உரிக்க, வாளை?

நவம்பர் 22

கிடைக்கல.

ரெண்டாவதா போட்டது கிடைச்சிருக்கு. பிள்ளைப்பேறு. பஸ்ல போய்ட்டு வந்திரலாம். டீச்சர் பாயசம் வச்சுக் கொண்டுவந்தாங்க. கிளமென்ட்டுக்கு போன் போட்டேன், சந்தோசத்துல குதிப்பான்னு. "அப்படியா"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டான்.

ஆன்லின் சிரிச்சிட்டேதான் இருந்தா. "பரவால்லம்மா, ஒன் பக்கத்துலயே இருக்கலாம்." பெறவு அவ பையில இருந்த உன் விசிலை எடுத்து — அது அவகிட்ட இருந்ததே எனக்குத் தெரியாது, ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்கு பந்து பழக்கும்போது நீ கழுத்துல போட்டிருப்பியே, அதான் — அலமாரியில என் சேலைக்கு அடியில வச்சா. சத்தமில்லாம.

நான் பாயசத்தை மூடி வச்சேன்.

"ஏட்டி, இன்னொரு ரவுண்டு உண்டா?"

"உண்டு. அதுல யாராவது விட்டுட்டுப் போனா கிடைக்கும். எதுக்கு?"

"எழுது."

"அம்மா, வடக்கம்மா. ரெண்டு ராத்திரி ரயிலு. நீ தனியா—"

"தெரியும்ளா. எழுது. அஞ்சாங்கிளாஸ் படிச்சவ எழுதுதேன், எம்.பி.பி.எஸ். படிச்சவளுக்கு என்ன?"

நவம்பர் 25, செவ்வாய்

உவரி. கிளமென்ட்டை வண்டியோட வரச்சொல்லி, போற வழியில உண்மையைச் சொல்லிட்டேன். வேற வழியில்ல. நேர்ச்சை பலிச்சிட்டு, அப்போ மகள் உயரத்துக்கு மெழுகுதிரி கட்டாயம். அதைக் கொடுத்துட்டுத்தானே அடுத்த மனு கொடுக்க முடியும். அத்தனை உயரத்துக்குத் திரியை நான் எப்படி பஸ்ல கொண்டுபோக?

அவன் வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கிட்டே, "எக்கா"ன்னான். "நானும் அதைத்தான் வேண்டியிருந்தேன். அதே அந்தோணியார்ட்ட. அவ உயரத்துக்குத்தான்."

"நீ எதுக்குலே?"

வண்டியை மறுபடியும் எடுத்தான். கொஞ்ச தூரம் போன பெறவு சொன்னான்: "அவ அந்தப் படிப்பு படிச்சா தினமும் அத்தான் விழுந்ததைத்தான நினைப்பா, எக்கா. என்னைப் பாக்கும்போதெல்லாம்."

நான் அவன் தலையில ஒரு குட்டு வச்சேன். வேற என்ன செய்ய? தம்பில்லா.

கடையில அவ்வளவு நீளத்துக்குத் திரி இல்லன்னுட்டான். சின்னத் திரிகளா வாங்கி, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வச்சு மீன் வலை நூலால கட்டினோம். ரெண்டு கட்டு. தோள்ல வச்சுத் தூக்கிட்டுப் போனா, யாரோ வீடு கட்ட மூங்கில் கொண்டுபோறாங்கன்னு வழி விட்டாங்க.

மண்டி போட்டோம். "கோடி அற்புதரே, பழைய பாக்கியைக் குடுத்தாச்சு. நீர் பெரிய மனசுள்ளவரு. பொம்பளை சொன்னதைக் கேட்டு உடனே செஞ்சிட்டீரு, அது உம்ம தப்பில்ல. இப்போ அதை அப்படியே திருப்பிப் போடும், அதே உயரத்துக்கு இன்னொரு திரி."

கிளமென்ட் பக்கத்துல முணுமுணுத்தான்: "எக்கா சொன்னதேதான் எனக்கும்."

வரும்போது கேட்டான். "கோவிச்சிருப்பாரோ?"

"காணாமப்போனதைத் தேடித் தர்றதுதான அவருக்குச் சோலி. நம்ம புத்தியையும் சேத்துத் தேடித்தருவாரு."

டிசம்பர் 8

சிறு தூறல். டீச்சர் இந்தி எழுத்துப் பழக்குதாங்க, எனக்கு. மகளைப் பார்க்கப் போனா ரயில் போர்டு படிக்கணுமாம். "இன்னும் கிடைக்கவே இல்லையே டீச்சரம்மா"ன்னேன். "கணக்கு வாத்தியாருக்கு விடை முன்னாலயே தெரியும்"னாங்க.

டிசம்பர் 17

கிடைச்சிட்டு.

கிளமென்ட் போன்ல அழுதான், பெறவு, "மறுபடியும் ரெண்டு கட்டா எக்கா? ஒரு குட்டை மகளைப் பெத்திருக்கக் கூடாதா"ன்னான்.

டிசம்பர் 26

காலையில உனக்கு வருசப் பூசை. சாமியார் உன்னைப் பத்தி நல்லாச் சொன்னார். 'நேர்மையான ஆட்டக்காரர்'னு அவர் சொன்னப்போ கோயிலே இருமிச்சு.

இந்த வருசம் ஆட்டம் வேண்டாம்னு ஊர்ல பேச்சு. கிளமென்ட்தான் விடல. "அத்தான் இருந்தா ஆடச் சொல்லியிருப்பாரு"ன்னான். உன் மகள் ஒரு விதி போட்டா: யாரு விழுந்தாலும், நெசமோ நடிப்போ, மத்தவங்க தீர்ப்புச் சொல்லக் கூடாது. சிரிக்கக் கூடாது. அவ வந்து பார்க்கிறவரைக்கும் ஆட்டம் நிக்கும். பார்த்துட்டு ஸ்ட்ரெச்சர்ல தூக்கி வெளிய வச்சிட்டுத்தான் மறுபடியும் ஆட்டம்.

ஸ்ட்ரெச்சர்? குமரவேல் கொண்டுவந்தான், பேட்டையில இருந்து, பஸ் கூரையில கட்டி. அன்னைக்கு அவ வரைஞ்சு குடுத்தது அதுதான். மடக்கலாம், விரிக்கலாம், மணல்ல புதையாம இருக்க அடியில தகடு. கைப்பிடியில குட்டியா ஒரு காளி சூலம் வெல்டிங் பண்ணியிருந்தான். "வேண்டாம்னா அறுத்துருதேன் டாக்டரம்மா." ஆன்லின், "இருக்கட்டும்"னா. சாமியாருக்கு உதவியா இருக்கிற கோயில்குட்டியார் பார்த்துட்டுத் திரும்பிப் போய் ஒரு செபமாலையைக் கொண்டுவந்து மறு கைப்பிடியில மாட்டினாரு.

நான் கடற்கரைக்கே போனேன். வெங்காயத்தை முந்தின நாளே உரிச்சு வச்சிட்டேன்.

ஆட்டம் நல்லாத்தான் போச்சு. ஆன்லின் கோட்டுக்கு வெளிய ஐஸ் தொட்டியோட, கழுத்துல உன் விசிலோட நிக்கா. கோல் பக்கத்துல கிளமென்ட் பந்தோட போறான். குறுக்க ஒருத்தன் வந்தான்.

கிளமென்ட் விழுந்தான்.

வாளை, ஊரே மூச்சை நிப்பாட்டிட்டு. ஒரு சத்தம் இல்ல. அலை மட்டும். நான் எழுந்து நின்னுட்டேன். ஆன்லின் ஓடுதா, பின்னால குமரவேல் ஸ்ட்ரெச்சரோட ஓடுதான். அவ மண்டி போட்டு அவன் நெஞ்சுல கை வச்சா. கழுத்தைப் பார்த்தா.

கிளமென்ட் ஒத்தைக் கண்ணைத் திறந்தான்.

"பெனால்டி தந்துட்டானா?"

நான் அங்கன நின்னே கத்தினேன், "சவத்து மூதி, எந்திரிலே." ஊரு முழுக்கச் சிரிச்சுது. ஆன்லின் விசிலை ஊதினா. சிரிப்பு நின்னுட்டு. "விதி விதிதான் மாமா"ன்னா. "ஒண்ணும் இல்லளா, சும்மா விழுந்தேன், விடுளா"ன்னு அவன் கெஞ்சக் கெஞ்ச, நாலு பேரு ஸ்ட்ரெச்சர்ல போட்டுக் கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. ஒரு கையில சூலம், ஒரு கையில செபமாலை, நடுவுல கிளமென்ட். என் காலடியில வந்து இறக்கினாங்க.

முகத்தைப் பொத்திட்டுக் கிடந்தான். சிரிக்கான்னு நினைச்சேன். தோள் குலுங்கின விதம் சிரிப்பு இல்ல. நான் அவன் பக்கத்துல மணல்ல உக்கார்ந்து, தொட்டியில இருந்து ஒரு ஐஸ்கட்டி எடுத்து அவன் நெத்தியில வச்சேன். அதுக்கு மேல எனக்கு வைத்தியம் தெரியாது.

பெனால்டி குடுத்தாங்க. வெளிய அடிச்சுட்டாங்க.

டிசம்பர் 29

ரயில் ஏத்தி விட்டுட்டு வந்தோம். நெல்லை சங்ஷன்ல ஆன்லின் ரயில் ஏறுறதுக்கு முன்னால குனிஞ்சு என் முட்டியைத் தொட்டுப் பார்த்து, "தினமும் மடக்கி நீட்டணும், சொல்லிக்கொடுத்த மாதிரி"ன்னா. அழுதா அசிங்கம்னு ரெண்டு பேருமே முட்டியைப் பத்தியே பேசினோம். ஜன்னல் வழியா சாளைக் கருவாடு ஒரு பொட்டலம் குடுத்தேன். பக்கத்து சீட்டு ஆளு மூக்கைப் பொத்தினான். பழகிருவான், ரெண்டு ராத்திரி இருக்கில்லா.

டீச்சர் ராத்திரி கீழேயே சாப்பிடுதேன்னு சொல்லியிருக்காங்க. "மீன் வேண்டாம். ஆனா உனக்குப் பொரிச்சுக்கோ, நான் கோவிலுக்குப் போகல"ன்னாங்க. ரெண்டு வெங்காயம் எடுத்து வச்சிருக்கேன்.

கிளமென்ட் வண்டியில கொண்டுவந்து விட்டுட்டு, இறங்காம இருந்தான். ஒரு வருசமா பவுல் இல்ல, பவுல் இல்லன்னு சொன்னவன், மெதுவாச் சொன்னான்: "எக்கா, தொட்ட மாதிரியும் இருக்கு. தொடாத மாதிரியும் இருக்கு. நினைச்சு நினைச்சு எனக்கே தெரியாமப் போச்சு."

தொட்டிருந்தாலும் அதனால இல்லலே, நெஞ்சு அதுபாட்டுக்கு நின்னுதுன்னு ஆன்லின் எத்தனையோ தடவை சொல்லிட்டாள்னு சொன்னேன். தலையாட்டினான். "அது தெரியும். நான் கேக்கிறது அது இல்ல"ன்னான்.

எனக்கும் இப்போ அதுதான். சாவைப் பத்திக் கேக்கல. ஆட்டத்தைப் பத்தித்தான் கேக்கேன். இங்கன யாருமில்ல, கதவும் சாத்தியாச்சு, ரெப்ரீகிட்டயும் சொல்லமாட்டேன். வாளை, உண்மையைச் சொல்லு — அது பவுலா, இல்லையா?